மெல்லிய தகடும் உறுதியான இணைப்பும்

(கிராமப் பட்டறைத் தொழிலாளருக்கான பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



ஊரின் எல்லையில் கொல்லர் உலைக்களம் ஒன்று இருந்த காலம் நம்மில் மூத்தோருக்கு நினைவிருக்கும். ஏர்க்கொழு தேய்ந்தாலும், வண்டிச் சக்கரத்தின் பட்டா கழன்றாலும், அரிவாள் மழுங்கினாலும் உழவர் அங்கேதான் செல்வார். இன்று அவ்விடத்தில் வெல்டிங் பட்டறை நிற்கிறது. டிராக்டர் டிரெய்லர் முதல் மாட்டுத் தொழுவத்துத் தீவனத் தொட்டி வரை, பள்ளிக்கூட பெஞ்சு முதல் வீட்டுக் கதவு வரை அங்கே உருவாகின்றன. ஊருக்கு வேண்டிய பொருளை ஊரிலேயே செய்துகொள்ள முடிந்தால், பணமும் ஊரிலே தங்கும், இளைஞரும் ஊரிலே தங்குவர். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. செய்த பொருள் உடையாமல் நிற்க வேண்டும்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மெல்லிய எஃகுத் தகட்டையும் மெல்லிய குழாயையும் மிக் வெல்டிங் முறையில் இணைக்கும்போது கோடு கெடுவது ஏன், அதைத் திருத்துவது எப்படி என்பதாகும். பட்டறைகளில் இதனைச் சி.ஓ.டூ. வெல்டிங் என்றும் சொல்வதுண்டு. உருகிய உலோகம் ஆறி நிற்கும் வரியைப் பீட் என்பார்கள். நாம் அதைக் கோடு என்றே சொல்லிக்கொள்வோம்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்து இளைஞர், தாயாரின் நகைகளை அடகு வைத்துச் சிறிய மிக் இயந்திரம் ஒன்றை வாங்கினார். தொடக்கத்தில் வாயு சிலிண்டர் வாங்கப் பணமில்லை. ஆதலால் வாயு தேவைப்படாத, உள்ளே மருந்து நிரம்பிய வயரைக் கொண்டு வேலை பழகினார். பிறகு அக்கம்பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றிலிருந்து 40 பெஞ்சுகள் செய்து தரும் வேலை கிடைத்தது. முன்பணத்தில் சிலிண்டரும் கெட்டி வயரும் வாங்கினார். சுவர்க் கனம் 1.2 மி.மீ. உள்ள சதுரக் குழாயில் பெஞ்சுகளைச் செய்து, கோடுகளைக் கிரைண்டரால் மழமழவென்று தேய்த்து, வண்ணம் பூசிக் கொடுத்தார். பார்வைக்கு அழகாகவே இருந்தன.

மூன்றாவது வாரம், நான்கு சிறுமியர் அமர்ந்திருந்த பெஞ்சின் கால் ஒன்று இணைப்போடு கழன்று விழுந்தது. ஒரு குழந்தையின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தலைமை ஆசிரியர் 40 பெஞ்சுகளையும் ஒதுக்கி வைத்தார். மீதிப் பணம் நின்றுபோயிற்று. குழந்தைகள் மறுபடியும் தரையில் அமர்ந்தார்கள்.

அந்த இளைஞர் நம்மைத் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, கோடு கயிறு போல உயர்ந்து நிற்கிறது. இரும்புக்குள் இறங்கவே இல்லை. தேய்த்ததும் இணைப்பு போய்விடுகிறது" என்றார். சூடு போதவில்லை, வோல்ட்டையும் வயர் வேகத்தையும் கூட்டுங்கள் என்று நாம் உடனே சொல்லிவிட்டோம். அவ்வாறே செய்தார். இம்முறை குழாயில் துளை விழுந்தது. நாம் நேரில் சென்று பார்த்த பின்னரே உண்மை விளங்கிற்று. காரணம் எண் குமிழில் இல்லை, வேறிடத்தில் இருந்தது. பாராமலே பரிகாரம் சொன்னது நம் தவறு. அத்தவறே இன்றைய பேச்சின் முதற்பாடம்: குமிழைத் திருகுவதற்கு முன் இயந்திரத்தையும் வேலையையும் முழுமையாகச் சோதிக்க வேண்டும்.

இம்முறை இயங்கும் விதம்

மிக் வெல்டிங் 1948ஆம் ஆண்டு அமெரிக்காவில் பேட்டல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாயிற்று. முதலில் அலுமினியத்தை இணைப்பதற்கே அது பயன்பட்டது. ஆர்கான் போன்ற செயலற்ற வாயுவின் விலை அதிகமாக இருந்ததால், எஃகு வேலைக்கு அது கட்டுப்படியாகவில்லை. 1953ஆம் ஆண்டில் கரியமில வாயுவைக் காப்பு வாயுவாகக் கொள்ளும் முறை வந்தது. எஃகு வேலையில் இம்முறை பரவியதற்கு அதுவே வழிகோலியது. 1950களின் இறுதியில் மெல்லிய வயரைக் கொண்டு, குறைந்த சூட்டில், குறுஞ்சுற்று முறையில் வெல்டு செய்யும் வழி ஏற்பட்டது. இன்று நாம் தகட்டு வேலை செய்வதெல்லாம் அவ்வழியிலேதான்.

இம்முறையில் வயர் தகட்டைத் தொடுகிறது. தொட்ட கணத்தில் மின்னோட்டம் பெருகி அதன் நுனி உருகி அறுகிறது. மீண்டும் சுடர் எழுகிறது. வயர் முன்னேறி மீண்டும் தொடுகிறது. ஒரு நொடியில் 20 முதல் 200 முறை வரை இது நிகழ்கிறது. அதனாலேயே எண்ணெயில் பலகாரம் பொரிவது போன்ற சீரான ஓசை எழுகிறது. ஓசை சீராக இருந்தால் வேலையும் பெரும்பாலும் சீராக இருக்கும். அனுபவம் மிக்க தொழிலாளி கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்டே குறையை அறிந்துகொள்வார்.

இரண்டு குமிழ்களின் பணியையும் தெளிவாக உணர வேண்டும். வயர் வேகத்தைக் கூட்டினால் ஆம்பியர் கூடும். வோல்ட்டைக் கூட்டினால் சுடர் நீண்டு, கோடு அகன்று தட்டையாகும். ஒன்றைக் கூட்டி மற்றொன்றை அப்படியே விட்டால் இரண்டுக்கும் உள்ள பொருத்தம் குலைந்துவிடும்.

தடித்த இரும்பில் சூடு பரவ இடமுண்டு. மெல்லிய தகட்டில் அவ்விடம் இல்லை. சூடு சற்றுக் குறைந்தால் கோடு மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், சற்று மிஞ்சினால் தகடு ஓட்டையாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பாதை மிகவும் குறுகியது. அப்பாதையில் நடக்கத்தான் ஒழுங்கான சோதனை தேவைப்படுகிறது.

குமிழைத் தொடுமுன் பார்க்க வேண்டிய ஐந்து

முதலாவது, மின்முனை. இயந்திரத்தின் முகப்பிலோ உள்ளேயோ கூட்டல், கழித்தல் குறியிட்ட இரு முனைகள் உண்டு. காப்பு வாயுவுடன் கெட்டி வயரைப் பயன்படுத்தும்போது டார்ச் கூட்டல் முனையிலும், எர்த் கழித்தல் முனையிலும் இருக்க வேண்டும். சிறு இயந்திரங்களில் வழங்கும் வாயுவற்ற மருந்து வயருக்குப் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. வயர் உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்து உறுதி செய்துகொள்க. முனை மாறியிருந்தால் சுடர் தடுமாறும், பொறி சிதறும், கோடு உயர்ந்து குறுகி நிற்கும், ஆழம் இராது. நாம் கண்ட இளைஞரின் இயந்திரத்தில் இருந்த குறை இதுவே. வயரை மாற்றியவர் முனையை மாற்றவில்லை.

இரண்டாவது, எர்த் கிளாம்ப். வண்ணத்தின் மீதும் துருவின் மீதும் அதைக் கவ்வ வைப்பது நம் பட்டறைகளில் அன்றாடக் காட்சி. மின்சாரம் சுற்றி வருவதற்கு இரு வழிகள் வேண்டும். ஒன்று அடைபட்டால் மற்றொன்று எவ்வளவு நன்றாயிருந்தும் பயனில்லை. கிளாம்ப் பற்றும் இடத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வேலை நடக்கும் இடத்திற்கு அருகிலேயே மாட்ட வேண்டும்.

மூன்றாவது, வயர் செல்லும் பாதை. கெட்டி வயருக்கு வழவழப்பான வி வடிவப் பள்ளமுள்ள ரோலர் வேண்டும். மருந்து வயருக்குரிய பற்கள் கொண்ட ரோலரை அப்படியே விட்டால், அது கெட்டி வயரைச் சுரண்டும். அந்தத் தூள் லைனருக்குள் சென்று அடைத்துக்கொள்ளும். ரோலரின் இறுக்கமும் அளவோடு இருக்க வேண்டும். மிகத் தளர்ந்தால் வயர் வழுக்கும். மிக இறுகினால், எங்கேனும் தடைபட்ட கணத்தில் வயர் ரோலரருகே குருவிக்கூடு போலச் சுருண்டுவிடும். அடுத்து டிப். 0.8 மி.மீ. வயருக்கு 0.8 டிப்பே வேண்டும். தேய்ந்து முட்டை வடிவான துளையில் வயர் சரிவரத் தொடாது, சுடர் விட்டுவிட்டு எரியும். டிப் என்பது சிறு தொகையில் கிடைக்கும் பொருள். அதை மாற்றத் தயங்கி நாள் முழுவதும் பாழாக்குவது சிக்கனம் ஆகாது. டார்ச் கேபிள் சுருண்டு கிடக்காமல் இயன்றவரை நேராகக் கிடக்கட்டும். மழைக்காலத்தில் வயர்ச்சுருளை இயந்திரத்திலேயே நாட்கணக்கில் விட்டால் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் கழற்றி உறையிலிட்டு வைப்பது நல்ல வழக்கம்.

நான்காவது, காப்பு வாயு. தகட்டு வேலைக்கு நிமிடத்திற்கு 8 முதல் 12 லிட்டர் வரை போதுமானது. அதிகம் விட்டால் அதிகப் பாதுகாப்பு என்று எண்ணுவது பிழை. வாயு வேகமாகச் சீறினால் சுழல் உண்டாகி, வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நாசிலில் பொறி ஒட்டியிருந்தால் அடிக்கடி சுரண்டிவிட வேண்டும். கரியமில வாயு சிலிண்டரினுள் திரவமாக இருக்கிறது. ஆகையால் அழுத்தமானி கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவையே காட்டி, திரவம் தீர்ந்த பின்பே விரைந்து இறங்கும். எவ்வளவு மீதமுள்ளது என்பதை எடை போட்டே அறியலாம். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், சங்கிலியால் கட்டப்பட்டும் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, தூய்மை. துரு, வண்ணம், எண்ணெய், தகட்டின் மேல் படிந்த கருஞ்செதில் ஆகிய எல்லாவற்றையும் இணைப்பின் இருபுறமும் விரற்கடை அகலத்திற்கு மேல் நீக்கி, இரும்பின் வெண்மை தெரியும்படி செய்ய வேண்டும். எண்ணெயைத் துடைக்கக் குளோரின் கலந்த திரவங்களைப் பயன்படுத்தலாகாது. வெல்டிங் சுடரின் கதிர்கள் பட்டு அவற்றின் ஆவி உயிரைப் போக்கும் நச்சு வாயுவாக மாறக்கூடும். கண்ணாடி போன்ற பழுப்புத் துகள்கள் சில சமயம் கோட்டின் மேல் காணப்படும். அவை வயரிலுள்ள சிலிக்கான் பிராணவாயுவுடன் சேர்ந்து உண்டானவை. அவற்றால் இணைப்புக்குத் தீங்கில்லை. ஆனால் தூரிகையால் தட்டி நீக்காமல் வண்ணம் பூசினால், அவ்விடத்தில் வண்ணம் உரியும்.

அளவு வைக்கும் முறை

இவ்வைந்தும் சரியாக இருந்தால் மட்டுமே குமிழுக்கு வரலாம். ஒரு மில்லிமீட்டர் கனத்திற்கு ஏறத்தாழ 40 ஆம்பியர் என்பது தொடக்கக் கணக்கு. எனவே 1.2 மி.மீ. தகட்டிற்கு 50 ஆம்பியர் அருகில் தொடங்கலாம். குழாய் மூலை இணைப்புகளில் சற்றுக் கூடுதலும் வேண்டியிருக்கும். 0.8 மி.மீ. வயரில் 60 ஆம்பியருக்கு, வயர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 மீட்டர் ஓட வேண்டும். வோல்ட் 15 முதல் 17க்குள் இருக்கலாம். ஆர்கான் கலவையை விடக் கரியமில வாயுவுக்கு ஓரிரு வோல்ட் கூடுதலாகத் தேவைப்படும். 1 மி.மீ.க்கும் குறைந்த தகட்டிற்கு 0.6 மி.மீ. வயர் கிடைக்குமாயின் அதுவே உத்தமம்.

இயந்திரத்தின் குமிழில் எண்கள் மட்டுமே இருந்து, மீட்டர் கணக்கு இல்லாவிடில் ஓர் எளிய வழி உண்டு. எர்த் கிளாம்பைக் கழற்றிவிட்டு, டார்ச்சை ஆளில்லாத திசையில் பிடித்து, 6 நொடி விசையை அழுத்துங்கள். வெளிவந்த வயரை அளந்து பத்தால் பெருக்கினால் ஒரு நிமிடக் கணக்கு கிடைக்கும். 30 செ.மீ. வந்தால் நிமிடத்திற்கு 3 மீட்டர். இதனைக் குமிழின் ஒவ்வோர் எண்ணுக்கும் செய்து, சுண்ணக்கட்டியால் இயந்திரத்தின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் பல ஊர்களில் மின்னழுத்தம் தாழ்ந்துவிடுகிறது. நீண்ட, மெல்லிய கம்பியில் மின்சாரம் எடுத்தாலும் அதே நிலைதான். காலையில் நன்றாக ஓடிய கோடு மாலையில் கெட்டால், கையைக் குறை கூறுவதற்கு முன் மீட்டரை வைத்து மின்னழுத்தத்தைப் பாருங்கள்.

குறையும் காரணமும்

இனி, கோட்டைப் பார்த்துக் குறையறியும் முறையைச் சொல்வோம். நாடி பார்க்கும் வைத்தியர் போல, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், எதனால் நோய் தீர்ந்தது என்பது தெரியாமலே போகும்.

கோடு உயர்ந்து, ஓரங்கள் தகட்டோடு கலவாமல், கயிறு கிடப்பது போல் இருந்தால், அது குளிர்ந்த இணைப்பு. மின்முனையும் எர்த்தும் சரியாக இருந்தும் இவ்வாறு வந்தால் வோல்ட்டை அரையரையாகக் கூட்டுங்கள். வயர் தகட்டில் முட்டி டார்ச்சைப் பின்னுக்குத் தள்ளினாலும் வோல்ட் போதவில்லை அல்லது வயர் மிகுதி என்று பொருள். டிப்புக்கும் தகட்டுக்கும் இடையே வயர் மிக நீண்டு நின்றாலும் சூடு குறையும். அந்நீளம் 6 முதல் 10 மி.மீ.க்குள் அடங்கட்டும். இந்தக் குறையே எல்லாவற்றிலும் ஆபத்தானது. துளை விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். குளிர்ந்த இணைப்போ தேய்த்து வண்ணம் பூசியதும் மறைந்து நின்று, மனிதர் பாரம் ஏறிய பிறகே வெளிப்படும்.

சீறும் ஓசையுடன் பெரிய துளிகள் விழுந்து, வயர் அடிக்கடி டிப்பிலேயே ஒட்டிக்கொண்டால், வோல்ட் மிகுதி அல்லது வயர் வேகம் குறைவு. கோட்டின் இரு ஓரங்களிலும் பள்ளம் விழுந்தாலும் வோல்ட்டைச் சற்றுக் குறைத்து, கையின் வேகத்தையும் தணித்துக்கொள்ள வேண்டும். பள்ளம் விழுந்த மெல்லிய தகடு அவ்விடத்திலேயே கிழியும்.

கோட்டில் புழு அரித்தது போலச் சிறு துளைகள் காணப்பட்டால், காப்பு வாயு சுடரைச் சென்றடையவில்லை அல்லது தகட்டில் அழுக்கு உள்ளது. மின்விசிறியை நேரே வைத்துக்கொண்டு வேலை செய்வது இதற்குப் பொதுவான காரணம். நொடிக்கு 2 மீட்டர் வேகக் காற்றே காப்பு வாயுவைக் கலைக்கப் போதும். திறந்த வெளியில் வேலை நடந்தால் ஒரு தகட்டையோ சாக்கையோ தடுப்பாக நிறுத்துங்கள். சாக்கானால் பொறி படாத தூரத்தில் நிற்கட்டும். துளை விழுந்த கோட்டின் மேல் மற்றொரு கோடு போட்டு மறைப்பது வேலையாகாது. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடியும் போட வேண்டும்.

தகடு ஓட்டையாகும் குறைக்குப் பெரும்பாலும் இடைவெளியே காரணம். இரு துண்டுகளும் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டிருந்தால், எவ்வளவு தேர்ந்த கையும் அங்கே துளை போடும். தகட்டுக் கனத்தில் பாதிக்கு மேல் இடைவெளி இருத்தலாகாது. சதுரக் குழாயின் மூலைகள் வளைவாக இருப்பதால், ஒரே அகலமுள்ள இரு குழாய்களை டி வடிவில் சேர்க்கையில் இருபக்கமும் சந்து விழும். அங்கே கோட்டை ஒரே மூச்சில் இழுக்காமல், சுடரைத் தனியே நிற்கும் விளிம்பில் வைக்காமல், குழாயின் உடற்பகுதியில் தொடங்கி விளிம்புக்குக் கொண்டுவர வேண்டும். தடித்ததையும் மெல்லியதையும் இணைக்கும்போதும் சுடர் தடித்ததையே நோக்கட்டும்.

டார்ச்சை 10 அல்லது 15 பாகை சாய்த்து, கோடு செல்லும் திசையிலேயே முன்தள்ளிச் சென்றால் ஆழம் குறைந்து கோடு தட்டையாக அமையும். மெல்லிய தகட்டிற்கு இது ஏற்றது. செங்குத்தான இணைப்பில் மேலிருந்து கீழாக வருவதும் மெல்லிய தகட்டிற்கு உதவும். தடித்த, பாரம் தாங்கும் இணைப்புகளில் அவ்வாறு செய்வது தகாது. அங்கே கோடு மேலாகவே ஓடிவிடும். தகட்டின் பின்புறம் செம்புப் பட்டை ஒன்றை இறுகப் பிடித்துக்கொள்வதும் நல்ல உபாயம். செம்பு எஃகை விட ஏறத்தாழ 8 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்துவதால், மிகுந்த சூட்டை அது வாங்கிக்கொள்கிறது. வெல்டும் அதில் ஒட்டுவதில்லை.

அகன்ற தகடு நெளிந்து பானை வயிறு போல் உப்பினால், சூடு ஓரிடத்திலேயே குவிந்தது என்பது காரணம். முதலில் 25 முதல் 40 மி.மீ. இடைவெளியில் சிறு டேக்குகளை அடியுங்கள். அவற்றையும் வரிசையாக அடிக்காமல், இரு முனை, நடு, அவற்றின் நடு என்று மாறி மாறி அடிக்க வேண்டும். பின்னர் டேக்குகளுக்கு இடையே குறுகிய கோடுகளை, ஒன்றைவிட்டு ஒன்றாக, ஆறவிட்டுப் போட வேண்டும். அவசரம் பெரும்பாலான கோணல்களுக்குத் தாய் என்று சொல்லலாம்.

உடல்நலம்

தொழிலாளி நலமாக இருந்தாலன்றித் தொழில் நடவாது. துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டு செய்வோர் தனிக் கவனம் கொள்ள வேண்டும். எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 பாகை சென்டிகிரேடு வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடுகிறது. ஆகவே எஃகு உருகும் முன்னரே துத்தநாகம் வெண்புகையாக எழுகிறது. அது கோட்டில் துளைகளை உண்டாக்குவதோடு, சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்திற்குப் பின் நடுக்கத்துடன் காய்ச்சலையும் தருகிறது. பால் குடித்தால் போதும் என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. பால் நல்ல உணவுதான். ஆனால் நுரையீரலுக்குள் சென்ற புகையை அது தடுக்காது. இணைப்பின் இருபுறமும் ஓரங்குலம் பூச்சைத் தேய்த்து நீக்கி, காற்றோட்டமுள்ள இடத்தில், புகை முகத்திற்கு வராத பக்கம் நின்று வேலை செய்ய வேண்டும். பூச்சைத் தேய்க்கும்போது முகமூடி அணிவது அவசியம். முடிந்த பின் துத்தநாகம் நிறைந்த வண்ணத்தைப் பூசிவிட்டால் துரு அண்டாது.

வெறுங்கண்ணால் சுடரைப் பார்ப்பதும், கண்ணை மூடிக்கொண்டு டேக் அடிப்பதும் இன்னும் ஒழியாத பழக்கங்கள். இரவில் கண்ணில் மணல் கொட்டியது போன்ற வேதனை எழுவது அதன் பயனே. 10ஆம் எண் கண்ணாடியுள்ள முகக்கவசம் இவ்வேலைக்குப் பொருந்தும். வேடிக்கை பார்க்க நிற்கும் குழந்தைகளையும் தொலைவில் நிறுத்துங்கள். பெட்ரோல், டீசல் இருந்த மூடிய கலங்களை எக்காரணம் கொண்டும் பட்டறையில் வெல்டு செய்தலாகாது. வெறுங்கலமாகத் தோன்றினாலும் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

உடைத்துப் பார்த்தலே உண்மைச் சோதனை

நண்பர்களே, கோட்டின் அழகு இணைப்பின் உறுதிக்குச் சான்று ஆகாது. செய்யப்போகும் வேலையில் உள்ள அதே கனமுள்ள துண்டுகள் இரண்டை எடுத்து, அதே அளவில் வெல்டு செய்து, வைஸில் பிடித்துச் சுத்தியால் அடித்து மடக்குங்கள். இணைப்பு அப்படியே கழன்று, அடியில் தகட்டின் பரப்பு மழுமழுவென்று தெரிந்தால், அது வெறும் ஒட்டு. கோடு நிலைத்து நின்று, அதன் பக்கத்துத் தகடு கிழிந்தால், அது உறுதியான வெல்டு. தகட்டின் பின்புறத்தில் கோட்டின் சூட்டுத்தடம் சீராகத் தெரிவதும் ஒரு நல்ல அடையாளம். இச்சோதனைக்கு ஆகும் செலவு இரண்டு கழிவுத் துண்டுகளும் ஐந்து நிமிடமுமே. ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்குமுன்னும், வயரையோ வாயுவையோ மாற்றிய போதும் இதைச் செய்ய வேண்டும்.

கிரைண்டரைப் பற்றியும் ஒரு சொல். உயர்ந்த கோட்டைத் தேய்த்துத் தட்டையாக்கும்போது நாம் பலத்தையே தேய்த்துக் கழிக்கிறோம். பக்கத்துத் தகடும் உடன் மெலிகிறது. நன்றாக அமைந்த கோட்டிற்குத் தேய்ப்பு மிகக் குறைவாகவே தேவைப்படும்.

அந்த இளைஞரின் பட்டறையில் நாம் டார்ச்சின் முனையைக் கூட்டலுக்கு மாற்றினோம். பற்கள் கொண்ட ரோலரை எடுத்துவிட்டு வழவழப்பான ரோலரைப் பொருத்தினோம். லைனரை ஊதிச் சுத்தம் செய்தோம். புதிய டிப் மாட்டினோம். பின்னர் ஒரு துண்டில் கோடு போட்டார். ஓசை சீராயிற்று, கோடு தட்டையாகப் படிந்தது. வைஸில் வைத்து அடித்தபோது குழாய் கிழிந்ததேயன்றி இணைப்பு விடவில்லை. அருகில் நின்ற அவர் தாயார் அந்தக் கிழிந்த துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை முதலிலேயே உடைத்துப் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளையின் கை தப்பியிருக்குமே" என்றார். நாம் இதுவரை சொன்ன எல்லாவற்றின் சாரமும் அந்த அம்மையாரின் ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

40 பெஞ்சுகளிலும் பழைய கோடுகளை அறவே தேய்த்தெடுத்து, ஒவ்வோர் இணைப்பையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார் அந்த இளைஞர். தம் செலவிலேயே செய்தார், 11 நாட்கள் ஆயின. பள்ளிக்குக் கொண்டு சென்றபோது, தாமே ஒவ்வொரு பெஞ்சின் மேலும் ஏறி நின்று காட்டினார். கட்டு அவிழ்த்திருந்த அச்சிறுமியும் வந்து அமர்ந்தாள். மீதிப் பணமும் பிறகு வந்து சேர்ந்தது. நகைகள் மீள இன்னும் ஓராண்டு ஆயிற்று. இன்றும் அவர் பட்டறைச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. முனை, எர்த், வயர், வாயு, தூய்மை என்று ஐந்து சொற்கள் மட்டும் அதில் எழுதியிருக்கின்றன.

அத்தகைய பலகை ஒன்றை நீங்களும் எழுதி மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதே நமது வேண்டுகோள். நகரத்துத் தொழிற்சாலையில் செய்த பொருளுக்குப் பின்னே பெயர்ப்பலகை உண்டு. கிராமத்துப் பட்டறையில் செய்த பொருளுக்குப் பின்னே நிற்பது, ஊரார் அனைவரும் அறிந்த உங்கள் முகம். பக்கத்து வீட்டுக் குழந்தை அமரும் பெஞ்சு, அண்டை வயல்காரர் ஏறும் ஏணி, நம் தாய்மார்கள் தூக்கி மூடும் கதவு ஆகிய எல்லாவற்றிலும் உங்கள் கை இருக்கிறது. அந்தக் கையின் மேல் ஊர் வைக்கும் நம்பிக்கையே கிராமத் தொழிலின் முதல் மூலதனம். அதனைக் காத்துக்கொள்வோமாக.